பார்வை நரம்பியலில் போஸ்ட்டாக் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனைவர் பட்டம் முடியும் நேரத்தில் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, தேடும் பலரும் செய்கிற தவறு, ஒரே மின்னஞ்சலைப் பெயர் மட்டும் மாற்றி ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்புவது. "உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்ற வரி வாசிப்பவரிடம் எதையும் சொல்வதில்லை. "சுண்டெலி ஓடும்போது வி1 செல்கள் கூடுதலாகத் துலங்குவதில் ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, விழிப்புநிலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரு யோசனை இருக்கிறது" என்று எழுதினால் பதில் வர வாய்ப்பு உண்டு (வி1 என்பது பார்வைச் செய்தி மூளைப் புறணியில் முதலில் வந்து சேரும் பகுதி). ஐந்து பேருக்கு எழுதுங்கள், போதும். ஆனால் அந்த ஐந்து பேரின் கட்டுரைகளையும் உட்கார்ந்து படியுங்கள்.

அடுத்தது, எந்த உயிரியோடு வேலை செய்யப் போகிறோம் என்று யோசிக்காமலே லேபின் பெயருக்காகச் சேர்வது. இதில்தான் வருடங்கள் வீணாகின்றன. சுண்டெலியில் மரபணுக் கருவிகள் ஏராளம். உயிருள்ள மூளைக்குள் பார்க்க உதவும் டூ-ஃபோட்டான் நுண்ணோக்கியில் நூற்றுக்கணக்கான செல்களை ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் சுண்டெலிக்கு ஃபோவியா, அதாவது கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுக்குழி, கிடையாது. பார்வைக் கூர்மை நம்முடையதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. நுணுக்கமான உருவங்களை மூளை எப்படி அடையாளம் காண்கிறது என்பது உங்கள் கேள்வியானால், அங்கே திணறுவீர்கள். சரி, குரங்கு லேபுக்குப் போகலாம் என்றால், பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தப் பழக்குவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஒப்பந்தம் இரண்டு வருடம்தான் என்றால், பழக்கிய விலங்கு தயாராக இருக்கிறதா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

உதவித்தொகை விதிகளைத் தாமதமாகப் படிப்பதும் பெரிய இழப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகையில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது பொது விதி. "முதலில் போய்ச் சேரலாம், அப்புறம் விண்ணப்பிக்கலாம்" என்று நினைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நேர்காணலில் பேராசிரியரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். கூட வேலை செய்பவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: நரம்பியலாளர் டேவிட் ஹியூபல் 1958-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது பேராசிரியர் மவுன்ட்காசிலின் லேபில் சேர. அங்கே கட்டடப் பணி நடந்ததால் இன்னொரு பேராசிரியரான குஃப்ளரின் லேபில், அங்கிருந்த ஆய்வாளர் டார்ஸ்டன் வீசலோடு வேலை தொடங்கினார். பூனையின் மூளையில் ஒரு செல் புள்ளிகளைக் காட்டியபோது அசையவில்லை. படம் காட்டும் கருவியில் கண்ணாடிச் சில்லைச் செருகும்போது அதன் விளிம்பு திரையில் விட்ட மெல்லிய நிழல்கோட்டுக்குப் படபடவென்று துலங்கியது. 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இருட்டறையில் மணிக்கணக்காக உங்கள் பக்கத்தில் உட்காரப் போகிறவர் யார் என்பது அவ்வளவு முக்கியம். அவரோடு பேசுங்கள். அந்த லேபை விட்டுப் போனவர்களிடமும் பேசி, ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: கிளம்பும்போது தங்கள் ஆய்வைக் கூடவே எடுத்துப்போக விட்டார்களா?