இலங்கை மலையகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் இங்குள்ள திருவிழாக்களுக்குப் போவது எப்படி

ஆசிரியர் வேலை கிடைத்தோ, வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ இடமாற்றம் வந்தோ, கல்யாணம் முடித்தோ ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் குடிவருகிறவர்களில் நிறையப் பேர் முதல் வருடம் முழுக்க அறையும் வேலையுமாகவே இருந்துவிடுகிறார்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் விடிய விடியத் தப்பு மேளச் சத்தம் கேட்கும், மெயின் ரோட்டில் தேர் போகும், ஆனால் நம்மை யாரும் கூப்பிடவில்லையே என்று ஜன்னலோடு நின்றுவிடுவார்கள். வீடு தேடி வந்து யாராவது அழைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். சாமி புறப்படுகிறது என்றால் அது எல்லோருக்கும்தான். தாராளமாகப் போகலாம்.

காலண்டரை மட்டும் நம்பினால் பாதித் திருவிழா கைதவறிப் போய்விடும். தைப்பொங்கல், தீபாவளி, வெசாக் எல்லாம் அதில் இருக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா எந்தக் கிழமை என்று எந்தக் காலண்டரிலும் இருக்காது. அந்தத் திகதியைக் கோயில் கமிட்டி கூடி முடிவு செய்யும். நல்ல நாள் பார்க்க வேண்டும், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும், சம்பளம் கையில் இருக்க வேண்டும், தோட்டத்தில் வேலைக்கு லீவும் கிடைக்க வேண்டும். பெரும்பாலான தோட்டங்களில் மாதம் 10ஆம் திகதி வாக்கில்தான் சம்பளம், அதனால் அதை ஒட்டி வரும் சனி, ஞாயிறுகளைக் கவனியுங்கள். யாரிடம் கேட்பது? தோட்டத் தலைவரிடம் கேளுங்கள், அல்லது கோயில் ஐயரிடம். பாடசாலையில் வேலை என்றால் இன்னும் சுலபம், பிள்ளைகளிடம் கேட்டால் காப்புக் கட்டுவது முதல் மஞ்சள் தண்ணி வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் கோயில் வரி. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். தோட்டத்துக் கோயில்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொத்து கிடையாது, பெரிய புரவலரும் கிடையாது. கொழுந்து பறித்து, கவ்வாத்து வெட்டிச் சம்பாதித்த பணத்தில் ஒவ்வொரு வீடும் வரி கொடுத்துத்தான் பந்தல், மேளம், அன்னதானம் எல்லாம் நடக்கிறது. சில தோட்டங்களில் கோயில் பணத்தைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். நாள் சம்பளத்துக்காக வருடக்கணக்காகப் போராடி வரும் மக்கள் இதற்கு மட்டும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே நோட்டீசும் ரசீதுப் புத்தகமுமாகக் கமிட்டிக்காரர்கள் வந்தால் கதவைத் திறந்து உட்காரச் சொல்லுங்கள், ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரி என்று கேட்டு அதையே கொடுங்கள், முடிந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பெரிய தொகை கொடுத்து மேடையில் பொன்னாடை வாங்கிக்கொள்வதைவிட வரி கட்டிய குடும்பமாக இருப்பது எவ்வளவோ மேல். அடுத்த வருடமும் உங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் இந்தத் திருவிழாக்கள் நெருக்கமாக வரும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தில் தென்மேல் மழை வைகாசி கடைசியில் பிடித்தால் ஆவணி வரைக்கும் விடாது, தேர் இழுக்கும் பாதை சேறாகிவிடும். ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் வெயிலும் காற்றுமாக இருக்கும். அதனால் பதுளை, பண்டாரவளையில் இருப்பவர்கள் ஹட்டன்காரர் சொல்லும் காலக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருவிழாவுக்குள் என்ன நடக்கும்? தோட்டத்துக்குத் தோட்டம் வரிசை மாறும், ஆனால் பொதுவாகக் காப்புக் கட்டுவதில் தொடங்கும். காப்புக் கட்டிவிட்டால் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், யாரும் கவிச்சி சமைக்க மாட்டார்கள். நீங்கள் லயத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் அந்த நாட்களில் கருவாடு பொரிக்காதீர்கள், வாசம் மலைக்காற்றில் எங்கேயோ போகும். பிறகு ஆற்றங்கரையிலோ தண்ணீர் எடுக்கும் பீலிக்கரையிலோ கரகம் பாலித்து, அதாவது அலங்கரித்து, தப்பு முழங்கக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பால்குடம், காவடி, சில இடங்களில் தீமிதிப்பு. இரவில் சாமி லயம் லயமாக வரும். நான் புதிதாக வந்த யாரையும் முதலில் கூட்டிப்போவது இந்த இரவுக்குத்தான். ஒவ்வொரு வாசலிலும் சாணம் தெளித்துக் கோலம் போட்டு நிறைகுடம் வைத்து அர்ச்சனைத் தட்டோடு குடும்பமே நிற்கும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிற அதே அக்காமார் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக நிற்பார்கள், சாமி அந்த வாசலில் நின்று தீபாராதனை முடிந்துதான் நகரும், கடைசி லயத்துக்கு வந்து சேர விடிந்துவிடும். உங்கள் வீடு வழியில் இருந்தால் நீங்களும் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரத்தோடு ஒரு தட்டு எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் தெரிந்த பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள்.

வேலை செய்யவும் தயங்க வேண்டாம். அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட, வாழையிலை கழுவ, பந்தியில் தண்ணீர் ஊற்ற ஆள் எப்போதும் போதாது. முந்திய நாள் இரவே கோயிலடிக்குப் போய் கரட்டும் கோவாவும் வெட்டுகிற கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், மறுநாள் உங்களை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கடைசி நாள் மஞ்சள் தண்ணி. மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றுவார்கள், உங்கள் மேலும் ஊற்றினால் உங்களையும் ஒரு முறைக்குள் சேர்த்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படுங்கள். வெள்ளைச் சட்டையோடு மட்டும் போகாதீர்கள்.

போட்டோ எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. லயத்து அறைகளுக்கு முன்பக்கம் மறைப்பு கிடையாது, வாசல்தான் அவர்களுடைய முற்றம், குசினி, உட்காரும் இடம் எல்லாம். சாமியைப் படம் எடுக்கிறேன் என்று அவர்களுடைய வீட்டுக்குள்ளே படம் எடுத்துவிட வேண்டாம். அருள் வந்து ஆடுகிறவர்களை எடுக்கவே எடுக்காதீர்கள். "தோட்டக்காட்டார்" என்ற இழிசொல் விளையாட்டுக்கும் வாயில் வரக் கூடாது, வெளியூரிலிருந்து வந்தவர் வாயிலிருந்து வரும்போது அது இன்னும் ஆழமாகக் குத்தும்.

காமன் கூத்து தனி. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் கூத்து நடக்கும் திடலான காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவு இரவாக ரதி மன்மதன் கதை நடக்கும். ரதி வேடத்தையும் ஆண்கள்தான் கட்டுவது வழக்கம், வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள், வீடு வீடாக ஆடியும் வருவார்கள். வந்தால் அரிசியோ காசோ கொடுங்கள். கடைசி இரவில் தவம் கலைந்த சிவன் மன்மதனை எரிப்பார், ரதி அழுவாள். அந்த ஒப்பாரிக்குத் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து அழுவதைக் கேட்டால், இது ஏன் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மாசி மாதத்துப் பனி பொல்லாதது, நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் காலம், ஆகவே கம்பளி, தொப்பி, டோர்ச் மூன்றும் கட்டாயம். பாடலும் வசனமும் நீளம்தான். பத்து மணிக்குக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒன்றும் பிடிபடாது, முடிந்தால் மத்தியானம் தூங்கிவிட்டு முழு இரவும் இருங்கள். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்து நடக்கும் தோட்டங்களும் உண்டு. தபசு மரத்தில் அருச்சுனன் பாடிக்கொண்டே ஏறும் இரவு அருகில் எங்கேயாவது நடந்தால் தவற விடாதீர்கள். இப்போது இவற்றை முழுதாக ஆடத் தெரிந்த வாத்தியார்மார் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. இளம் பிள்ளைகள் ஆடுகிற இடத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பதே அவர்களுக்குப் பெரிய தெம்பு.

அதே மாசியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர், மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதிக்கு வரும். ஹட்டன் பக்கத்திலிருந்து கண்டி போய் மாறிப் போக வேண்டும். விடியற்காலையிலேயே கிளம்புங்கள், கூட்டம் கடுமை.

சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி நாள்) மே மாதத்து வெசாக் போயா வரைக்கும்தான் பருவம். அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ் கிடைக்கும், படிகளில் விளக்கு எரியும், வழியில் தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும். மலை 2,243 மீற்றர், படிகள் 5,000க்கு மேல். சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டி ஒன்று, இரண்டு மணிக்குள் ஏறத் தொடங்க வேண்டும். போயாவும் வார இறுதியும் சேர்ந்தால் மேலே படியில் அடிக்கு அடி நிற்க வேண்டி வரும், உதயத்தைப் பாதி வழியிலேயே பார்ப்பீர்கள், முடிந்தவர்கள் வார நாளில் போங்கள். உச்சியில் எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை தடவை மணி அடிக்கலாம். இறங்கும்போதுதான் முழங்கால் பிடிக்கும், மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டே போங்கள்.

ஏப்ரல் வந்தால் நுவரெலியா சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவிக் கரையில் கொண்டாட்டம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வெளியூர்க்காரர்களுக்கான திருவிழா. டவுனில் குடியிருப்பவர்கள் சாமான் வாங்குவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் பஸ் நகரவே நகராது.

இரண்டு நாட்களைச் சாமி காலண்டருக்கு வெளியே குறித்து வையுங்கள். ஜனவரி 10, மலையகத் தியாகிகள் தினம். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் உயிர்விட்டார், அந்த நினைவில்தான் இந்த நாள். கூட்டம் நடக்கும் இடம் தெரிந்தால் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். மற்றது மே தினம். தொழிற்சங்கங்கள் தோட்டம் தோட்டமாக பஸ் பிடித்து வரும், டவுன் முழுக்கக் கொடியாக இருக்கும். எந்தச் சங்கத்தின் பக்கம் நீங்கள் என்று யாரும் கேட்டால் சிரித்துக்கொண்டு விட்டுவிடுங்கள், ஒரே லயத்தில் மூன்று சங்கத்துக்காரர்கள் இருப்பார்கள், எல்லோரும் உங்களுக்கு வேண்டும்.

ஆடியில் கதிர்காமம். கொடியேறிய பிறகு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து பஸ் பிடித்து எல்ல, வெல்லவாய வழியாகப் போவார்கள். ஓர் இடம் கேட்டால் கிடைக்கும், சமையல் சாமானில் உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள். கண்டிப் பெரஹராவும் அதை ஒட்டித்தான் வரும்.

தீபாவளிதான் தோட்டத்தின் பெரிய பண்டிகை. அதற்கு முன் பண்டிகை முற்பணம் கிடைத்ததா, எவ்வளவு என்பதுதான் லயத்தில் பேச்சு, அது கைக்கு வந்த அன்று துணிக்கடையில் நிற்க இடம் இருக்காது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரு தடவை வீட்டுக்கு வருவார்கள், அதனால் கொழும்பு பஸ்ஸிலும் ரயிலிலும் உங்களுக்கு அவசரப் பயணம் இருந்தால் இரண்டு நாள் முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொண்டு அவர்களுக்கு இடம் விடுங்கள். தீபாவளியன்று பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரத் தட்டு வரும். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்காமல் சீனியோ பழமோ வைத்துக் கொடுங்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆகவே எல்லா வீட்டிலும் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

மார்கழியில் விடியற்காலைப் பஜனை நடக்கும், பிள்ளைகள் பனியில் லயம் சுற்றிப் பாடி வருவார்கள். சேர்ந்து போவதென்றால் கோயிலடிக்கு முதல் மணி அடிக்கும்போதே வந்துவிடுங்கள், இரண்டாவது மணிக்கு ஆட்கள் கிளம்பியிருப்பார்கள். முடிந்ததும் கோயிலில் சுண்டலோ பொங்கலோ கிடைக்கும், அதற்கும் ஒரு நாள் செலவை யாராவது ஏற்றுக்கொள்வது வழக்கம், உங்களுக்கு ஒரு நாள் வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே கமிட்டியிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.