சத்தத்தைக் குறைத்தால்தான் கேட்கும்: சவுண்ட் கார்டும் ஒரு பழைய ரேடியோவும்

சேலம் அம்மாப்பேட்டையில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிப்பட்டறை. தறிச் சத்தம் பழகிவிட்டது, அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. ரேடியோவுக்கு எமன் தறி இல்லை, பட்டறையில் வரிசையாக மாட்டியிருக்கும் மலிவு எல்இடி டியூப்லைட்டுகள். 40 மீட்டர் அலைவரிசையைத் திறந்தால் தகரக் கூரையில் மழை கொட்டுவது மாதிரி இரைச்சல், சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் முள் 9-ஐ விட்டு இறங்காது. மைக்கில் தொண்டை கிழியக் கத்தியும் பதில் வராமல், உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசும் பொழுதுபோக்கான ஹாம் ரேடியோவையே மூட்டை கட்டிப் பரணில் போட்டவன் நான். டிவி ரிப்பேர்தான் தொழில். கடைக்கு வந்த ஒரு பழைய லேப்டாப்புதான் அந்த மூட்டையை அவிழ்க்க வைத்தது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் ஒரு செய்தியைச் சில ஒலிகளாக மாற்றும். அந்த ஒலி சவுண்ட் கார்டு வழியாக ரேடியோவின் மைக்குக்குள் போகும். எதிர்முனையில் ரேடியோவின் ஸ்பீக்கர் ஒலி இன்னொரு சவுண்ட் கார்டுக்குள் போய் மறுபடி எழுத்தாகும். நடுவில் புதிதாக எந்த மாயமும் இல்லை, பேசுவதற்கு வைத்திருக்கும் பழைய எஸ்எஸ்பி (சிங்கிள் சைடுபேண்ட்) ரேடியோவே போதும். இந்த வகையில் இப்போது அதிகம் புழங்குவது எஃப்டி8. ஸ்டீவ் ஃபிராங்கி, ஜோ டெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஹாம்கள் 2017-இல் கொண்டுவந்தது. இந்த டெய்லர் 1993-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். வானத்திலிருந்து வரும் மெல்லிய துடிப்புகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்தவருக்கு அம்மாப்பேட்டை இரைச்சல் எம்மாத்திரம்?

எஃப்டி8-இல் எட்டே எட்டு ஒலிகள், ஒன்றுக்கொன்று 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி. மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ், பேச்சுக்குத் தேவைப்படும் இடத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. 77 பிட் செய்தியை 174 பிட்டாக ஊதிப் பெருக்கி அனுப்புகிறார்கள். பாவில் நாலு இழை அறுந்திருந்தாலும் இது என்ன டிசைன் என்று தறிக்காரர் சொல்லிவிடுவார் இல்லையா, அது மாதிரி பாதை நெடுக இழை அறுந்தாலும் மென்பொருள் செய்தியைச் சேர்த்துவிடும். மைனஸ் 20 டெசிபெல் என்று திரையில் வந்தால், 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலின் சக்தியில் நூறில் ஒரு பங்குதான் அந்த சிக்னல் என்று அர்த்தம். காதால் கேட்க வாய்ப்பே இல்லை. அதையும் படித்துவிடும்.

அனுப்புவதற்கு உரிமம் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் வாங்கினால் விடியூ3 அல்லது விடியூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். அது கைக்கு வரும்வரை கேட்டுப் பழகுவதற்கு எந்தத் தடையும் இல்லை, காசும் வேண்டாம். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் நிறுவுங்கள். செல்போனில் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர் (இணையம் வழியாகக் கேட்கும் ரேடியோ) பக்கத்தைத் திறந்து 14074 கிலோஹெர்ட்ஸ், யுஎஸ்பி என்று வையுங்கள். இந்த யுஎஸ்பி கேபிள் இல்லை, அப்பர் சைடுபேண்ட். போனை லேப்டாப் மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வீட்டில் மிக்சி ஓடாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். பதினைந்து நொடிக்கு ஒரு முறை திரையில் ஊர் ஊராக அழைப்புக்குறிகள் வந்து விழும். என் அக்கா மகன் இதைப் பார்த்துதான் "மாமா, எனக்கும் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டுங்க" என்றான்.

சொந்த ரேடியோ வந்த பிறகு முதல் வேலை, லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டை விட்டுவிட்டு ஒரு சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குவது. பெரிய கடைப் பொருள் வேண்டாம், விரல் நீளத்தில் பச்சை, ரோஸ் நிறத்தில் இரண்டு துளை இருப்பது போதும். லேப்டாப்பின் கார்டு பாட்டுக்கும் மணியோசைக்கும் இருக்கட்டும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. என் முதல் வாரத்தில் ஒரே கார்டில் எல்லாவற்றையும் ஓட்டினேன். ஒலி வந்தாலே ரேடியோ தானாக அனுப்ப ஆரம்பிக்கும் வாக்ஸ் வசதியும் போட்டிருந்தேன். பெங்களூரிலிருந்து ஒரு மூத்த ஹாம் போன் செய்தார். "தம்பி, உங்களுக்கு மெயில் வந்திருக்கு போல, டொய்ங்னு இங்க கேக்குது." அன்றைக்கே விண்டோஸ் சவுண்ட் ஸ்கீமை நோ சவுண்ட்ஸ் என்று மாற்றினேன். நீங்கள் முதலிலேயே மாற்றிவிடுங்கள். யுஎஸ்பி கார்டை டிஃபால்ட் கருவியாக வைக்காதீர்கள். என்ஹான்ஸ்மென்ட் என்று இருக்கும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். மைக் பூஸ்ட் பூஜ்யம். சாம்பிளிங் 48000 ஹெர்ட்ஸ்.

புது ரேடியோ என்றால் உள்ளேயே சவுண்ட் கார்டு இருக்கும், ஒரு கேபிள் போதும், இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போகலாம். என்னுடையது பழையது. கம்ப்யூட்டரையும் ரேடியோவையும் நேராக ஒயரில் இணைத்தால் ஹம் என்ற உறுமல் வரும், சில நேரம் ரேடியோ அனுப்பும்போது மௌஸ் உறைந்துபோகும். நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இரண்டின் கிரவுண்டையும் பிரிக்க வேண்டும். 600க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில் கிடந்த பழைய டெலிபோன் மோடங்களை உடைத்து எடுத்தேன். ஒவ்வொரு மோடத்திலும் ஒன்று இருக்கும், தீக்குச்சிப் பெட்டியில் பாதி அளவு. அனுப்பும் பக்கத்தில் இன்னொரு வேலை உண்டு. சவுண்ட் கார்டு வெளியே தருவது ஏறக்குறைய ஒரு வோல்ட், மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டு, அதன் பின் 100 ஓமைக் கிரவுண்டுக்குக் கட்டினால் நூறில் ஒன்றாகக் குறையும். ரேடியோவின் பின்னால் டேட்டா சாக்கெட் இருந்தால் மைக்கை விட்டுவிட்டு அதையே எடுங்கள். அங்கே பத்தில் ஒன்றாகக் குறைத்தால் போதும், 100 ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம்.

பிடிடி, அதாவது ரேடியோவை அனுப்பும் நிலைக்குத் தள்ளும் சுவிட்ச். இதற்கு யுஎஸ்பியிலிருந்து ஒன்பது முள் சீரியல் கேபிள் ஒன்றும் ஒயர் தொடாமல் ஒளி வழியாகச் சுவிட்ச் போடும் பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்றும் போதும். கேபிளின் 7-ஆம் முள் ஆர்டிஎஸ், அதை 1 கிலோ ஓம் வழியாக ஆப்டோவின் 1-ஆம் காலுக்கு. கேபிளின் 5-ஆம் முள் ஆப்டோவின் 2-ஆம் காலுக்கு. ஆப்டோவின் 4-ஆம் கால் ரேடியோவின் பிடிடிக்கு, 3-ஆம் கால் ரேடியோ கிரவுண்டுக்கு. 1-க்கும் 2-க்கும் குறுக்கே ஒரு 1என்4148 டயோடைத் தலைகீழாக, கோடு போட்ட முனை 1-ஆம் காலில் வருமாறு வையுங்கள். கேபிள் நெகட்டிவ் வோல்ட்டும் தரும், ஆப்டோ அதைத் தாங்காது. எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் அடைத்துவிடலாம், என்னுடையது காபித்தூள் டப்பா. லேப்டாப் பூட் ஆகும்போது ஆர்டிஎஸ் ஒரு கணம் துள்ளும். அதனால் முதலில் லேப்டாப், அப்புறம் ரேடியோ.

இப்போது கேட்கும் பக்கம். மென்பொருளில் இடது கீழ் மூலையில் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு பட்டி இருக்கும். வெறும் இரைச்சல் மட்டும் வரும்போது அது 30 டெசிபெல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு, திரை வெளிச்சமாகத் தெரியட்டும் என்று ஏற்றிவிடுவது. ஏற்றினால் பலமான ஒரு சிக்னல் வரும்போது சவுண்ட் கார்டு முட்டிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் பத்துச் சின்ன சிக்னல்கள் காணாமல் போகும். ரேடியோவில் நாய்ஸ் பிளாங்கர், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் அணைத்துவிடுங்கள். காதுக்கு இதமாக இருப்பது மென்பொருளுக்கு இதம் இல்லை.

கடிகாரம் சரியாக இல்லாவிட்டால் மேலே சொன்னது எதுவும் பலிக்காது. நிமிடத்தின் 0, 15, 30, 45-ஆம் நொடிகளில்தான் உலகம் முழுக்க ஆரம்பிக்கிறார்கள். நம் கடிகாரம் ஒரு நொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். இதைப் புத்தியில் ஏற்றியது ஏற்காடு. என் மச்சான் அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். சில்வர் ஓக் மரங்களில் ஒயர் கட்டினால் ஆண்டெனாவுக்குக் கம்பமே வேண்டாம், இரைச்சலும் கிடையாது என்று ஆசையாக இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். சிக்னல்கள் கோடுகளாக வழியும் வாட்டர்ஃபால் திரையில் கிளியூர் அருவி மாதிரி சிக்னல் கொட்டுகிறது, ஒன்றுகூட எழுத்தாகவில்லை. ஒயரைக் கழற்றினேன், மாட்டினேன், டப்பாவைப் பிரித்து மறுபடி சால்டர் வைத்தேன். மச்சான் இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். கடைசியில் அவர் கையில் இருந்த போனையும் என் லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லேப்டாப் நான்கு நொடி பின்னால். அந்த வீட்டுக்குள் டவர் கிடைக்காது, லேப்டாப் பல நாளாக நேரத்தைச் சரிபார்க்கவே இல்லை.

இணையம் உள்ள இடத்தில் விண்டோஸ் நேர ஒத்திசைவை ஒரு தடவை கையால் அழுத்திவிட்டுக் கிளம்புங்கள். மலைக்கு அடிக்கடி போவதாக இருந்தால் யுஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று வாங்குவது நல்லது. இரண்டும் இல்லையென்றால் மென்பொருளில் டிடி என்று நேர வித்தியாசம் காட்டும் வரிசையைப் பாருங்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் பிளஸ் 1.2 என்று காட்டினால் உங்கள் கடிகாரம் 1.2 நொடி முந்தி ஓடுகிறது. மைனஸ் என்றால் பிந்துகிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் அப்படி இருந்தால் அது அவர் பிரச்சினை.

அடுத்தது அனுப்புவது. இந்த மொத்தக் கலையும் ஒரு வால்யூம் குமிழில்தான் இருக்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை. உள்ளே வரும் ஒலி அளவு மீறினால் ரேடியோ தானாகக் குறைப்பதுதான் ஏஎல்சி. ரேடியோவில் ஏஎல்சி மீட்டரைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பீச் பிராசஸரை அணையுங்கள். ஆண்டெனாவுக்குப் பதிலாக சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடு இருந்தால் மாட்டுங்கள். டியூன் பொத்தானை அழுத்தி, மென்பொருளின் வலது ஓரத்தில் உள்ள பவர் ஸ்லைடரை அடியிலிருந்து மெதுவாக மேலே நகர்த்துங்கள். வாட் ஏறும். ஒரு கட்டத்தில் ஏஎல்சி முள் அசைய ஆரம்பிக்கும். அங்கே நிறுத்தி, முள் மறுபடி படுக்கும்வரை கீழே இறக்குங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? ஒலி முட்டிக்கொண்டால் அதன் மடங்குகளும் சேர்ந்து பிறக்கும். அக்கா மகன் தேர்வில் தேறி முதல் தடவை அனுப்பியபோது ஸ்லைடரை உச்சியில் வைத்திருந்தான். 700 ஹெர்ட்ஸில் அவன் ஒலி. என் வீட்டுத் திரையில் 700-இல் ஒரு கோடு, 1400-இல் ஒரு கோடு, 2100-இல் மங்கலாக இன்னொன்று. மூன்று பேர் இடத்தை ஒரே ஆள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற கதைதான். அளவைக் குறைத்ததும் இரண்டு போலிக் கோடும் மறைந்தன. இன்னொரு தந்திரமும் உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வாட்டர்ஃபாலில் 1500-க்கு மேல் சொடுக்கி அங்கே அனுப்புங்கள். அப்போது இரட்டிப்பு ஒலி 3000-க்கு மேல் போய்விடும், ரேடியோவின் சொந்த ஃபில்டரே அதை வெட்டிவிடும். ரேடியோவை லேப்டாப்பே கட்டுப்படுத்துகிறது என்றால் ஸ்பிளிட் பகுதியில் ஃபேக் இட் என்று போட்டால் போதும், இந்த வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பவரும் அப்படித்தான். பேசும்போது ரேடியோ மூச்சு விடும். எஃப்டி8-இல் 12.64 நொடி இடைவிடாமல் முழு சக்தி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று. 100 வாட் ரேடியோவை 25, 30 வாட்டில் ஓட்டுங்கள். ரிப்பேர்க்காரன் சொல்கிறேன், சக்தியை வெளியே தள்ளும் ஃபைனல் டிரான்சிஸ்டர் மாற்றுகிற செலவை விட இது மலிவு.

தொடர்பு என்பது ஆறு வரி நாடகம். யாராவது பதில் தாருங்கள் என்ற பொருளில் சிக்யூ என்று, அழைப்புக்குறியும் ஊர் இருக்கும் கட்டத்தைச் சொல்லும் இடக்குறியும் அனுப்புவீர்கள். சேலம், ஏற்காடு இரண்டுக்கும் இடக்குறி எம்கே91. சென்னை என்கே03, பெங்களூர் எம்கே82. யாராவது பதில் தந்தால் சிக்னல் அளவு மாறி மாறிப் போகும், கிடைத்தது, வாழ்த்துகள் என்று ஆர்ஆர்73, பதில் வாழ்த்தாக 73, முடிந்தது. ஒன்றரை நிமிடம். வெறும் புள்ளிவிவரப் பரிமாற்றம்தான், ஊர்க் கதை பேச முடியாது என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமும் இருக்கிறது. கதை பேச ஆசை என்றால் இதே காபி டப்பாவை வைத்து எஃப்எல்டிஜி மென்பொருளில் பிஎஸ்கே31 என்ற தட்டச்சுப் பேச்சு முறைக்குப் போங்கள். பீட்டர் மார்ட்டினஸ் என்ற பிரிட்டிஷ் ஹாம் உருவாக்கியது, விநாடிக்கு 31.25 பிட், நாம் தட்டச்சு செய்யும் வேகம். 14070 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தேடிப் பாருங்கள். முன்பு போல் கூட்டம் இல்லை, ஆனால் கிடைப்பவர்கள் ஆற அமரப் பேசுவார்கள்.

பதிலே வராவிட்டாலும் சோர்ந்துபோகாதீர்கள். நான்கு தடவை சிக்யூ கொடுத்துவிட்டு பிஎஸ்கே ரிப்போர்ட்டர் இணையதளத்தில் உங்கள் அழைப்புக்குறியைத் தேடுங்கள், எந்த ஊரில் யார் காதில் விழுந்தது என்று வரைபடத்தில் வரும். எட்டு ஊரில் கேட்டும் ஒருவர் பதிலும் உங்கள் திரையில் வரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கத்து இரைச்சலில். அவர்கள் பதில் தந்திருக்கலாம், நமக்குத்தான் கேட்டிருக்காது.

அதற்கு என்னிடம் ஒரே வைத்தியம்தான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் எங்கள் ஏரியா பெயர் வந்தால் அன்றைக்குக் கடைக்கு லீவு. முந்தின ராத்திரியே 12 வோல்ட் பேட்டரியை சார்ஜில் போட்டுவிடுவேன். போன தடவை காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. இரண்டு பட்டறையும் நின்றன, எஸ் மீட்டர் 9-லிருந்து 1-க்கு விழுந்தது, வாட்டர்ஃபால் திரை கருநீலமாகி அதில் ஊசி ஊசியாகக் கோடுகள் முளைத்தன. பட்டறை அண்ணன் வேலை இல்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மைனஸ் 19-இல் வந்த ஒரு ஜப்பான்காரரைப் பார்த்து, "இவரு என்னதாங்க சொல்றாரு?" என்றார். "நாம பேசுறது அவருக்குக் கேக்குதாம்" என்றேன். சாயங்காலம் 5 மணிக்குள் 23 தொடர்பு. கரண்ட் வந்ததும் முதலில் எரிந்தது அவர் பட்டறை டியூப்லைட்தான்.