கார் ஷெட் பட்டறைக்கு நிழல் விழாத வெளிச்சம்

கடலூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தான் என் மரவேலைப் பட்டறை. மேஜை சுவரோரம், டியூப் லைட் கூரை நடுவில். மேஜை முன் நின்றால் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும். பலகையில் போட்ட பென்சில் கோடு என் தலை நிழலுக்குள் மறைந்துவிடும். அதிக வாட்ஸ் விளக்கு மாட்டிப் பார்த்தேன். நிழல்தான் இன்னும் அழுத்தமாக விழுந்தது. எனவே கடைக்குப் போகும் முன் விளக்கு எங்கே வரவேண்டும் என்று பாருங்கள்.

முதலில், இருட்டிய பிறகு மேஜை முன் நில்லுங்கள். வீட்டில் ஒருவரை ஏணியில் ஏற்றி, கூரையை ஒட்டி டார்ச்சைப் பிடித்து மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் மேஜையின் முன்விளிம்புக்கு நேர் மேலே வரும்போது தலை நிழல் விலகிவிடும். அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. 10க்கு 18 அடி ஷெட்டுக்கு நான்கடி நீள, 20 வாட்ஸ் எல்இடி பேட்டன் (பட்டை வடிவ விளக்கு) நான்கு போதும். ஒன்று ஏறக்குறைய 2000 லூமென் வெளிச்சம் தரும். இரண்டை மேஜைக்கு மேலே அந்தச் சாக்பீஸ் கோட்டிலும் மற்ற இரண்டைப் பின்பாதியிலும் வையுங்கள். மொத்தம் 80 வாட்ஸ், ஒரு சீலிங் ஃபேன் அளவுதான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; நீலம் கலந்த 6500 கெல்வினைவிட 4000 கெல்வினில் மரத்தின் நிறம் இயல்பாகத் தெரிகிறது. நான் அதைத்தான் சொல்வேன். கடையில் எரியவிட்டு மொபைல் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு துடிக்கிறது, அது வேண்டாம். துடிக்கும் வெளிச்சத்தில் சுழலும் பிளேடு நிற்பதுபோலத் தோன்றலாம், அது ஆபத்து.

பூசி முடித்த சுவரை உடைக்க வேண்டாம். பழைய விளக்குப் பாயிண்டிலிருந்து பிவிசி கேசிங் பட்டியில் ஒயரைக் கொண்டுபோகலாம். கான்கிரீட் கூரையில் துளை போட்டு, ஸ்க்ரூ பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் வைத்து, பேட்டனை எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவால் முடுக்குங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் நான் முதலில் போட்ட சாதாரண ஸ்க்ரூ, ஒரு மழைக்காலத்திலேயே துரு வடிந்து கூரையில் கறை விட்டது.

அப்புறம் இணைப்பு. எம்சிபியை (மின் பெட்டியில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே கை வையுங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் பாருங்கள். புதியவர் என்றால் பட்டி, பேட்டன் வரை நீங்களே மாட்டுங்கள்; ஒயர் முனைகளையும் எர்த்தையும் எலக்ட்ரீஷியன் இணைக்கட்டும். மேஜை விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் கேளுங்கள்.

கேசிங் மூடியை உடனே மூடாதீர்கள். இரவில் ஒரு பலகையில் மெல்லிய கோடு போட்டு, வழக்கம்போல் குனிந்து பாருங்கள். கோடு முழுதாகத் தெரிந்தால், மூடியை அழுத்தி மூடிவிடலாம்.