கம்பு நேப்பியர் புல்லில் குரோமோசோம் இணைகளைப் பார்ப்பது எப்படி?

மதுரையைச் சுற்றி மாடு வளர்ப்போர் தீவனத்துக்காகப் பயிரிடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கம்பையும் ஆப்பிரிக்கக் காட்டுப்புல்லான நேப்பியரையும் இணைத்து உருவாக்கிய கலப்பினம். கம்பில் 14 குரோமோசோம்கள், நேப்பியரில் 28. ஒவ்வொன்றும் தன்னில் பாதியைக் கொடுப்பதால் ஒட்டுப்புல்லில் 21 இருக்கின்றன. ஒத்தவையே இணைசேரும் என்பதால், அவற்றுள் எவை எவற்றோடு இணைசேர்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணினால் இரு பெற்றோருக்கும் இடையிலான உறவு புலப்படும்.

முதலில் கதிர் வேண்டும். ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை புல் அறுக்கப்படுவதால் தோட்டத்தில் கதிரைக் காண்பதே அரிது. எனவே பகல் குறுகும் ஐப்பசிக்கு முன்பே உரிமையாளரிடம் சொல்லி, சில தூர்களை அறுக்காமல் விட்டுவைக்கச் செய்யுங்கள். வெளியே வந்துவிட்ட கதிர் பயன்படாது, ஏனெனில் மகரந்தத்தைத் தரும் தாய்ச்செல்களில் குரோமோசோம்கள் இணைசேர்ந்து பின் பாதியாகப் பிரியும் குன்றல் பிரிவு அதில் முடிந்திருக்கும். கதிருக்கு அடுத்துள்ள கடைசி இலையான கண்ணாடி இலையின் உறைக்குள் பொதிந்திருக்கும் தொண்டைக்கதிரைக் காலை நேரத்தில் எடுத்து, எத்தனால் 3 பங்கும் கிளேசியல் (நீர் கலவாத) அசிட்டிக் அமிலம் 1 பங்கும் கலந்த கரைசலில் வயலிலேயே போட்டுவிட வேண்டும். ஒரே கதிரில் பூக்களின் வளர்ச்சி இடத்துக்கு இடம் மாறுவதால், நுனி, நடு, அடி என வெட்டித் தனித்தனிக் குப்பிகளில் இடுவது நல்லது. 24 மணி நேரம் கழித்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

அடுத்து, மஞ்சள் நிறம் ஏறாத மகரந்தப்பை ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு அசெட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் விட்டு, ஊசியால் நசுக்குங்கள். இரும்பு ஊசி சற்றுத் துருவேறியிருந்தால் குரோமோசோம்கள் இன்னும் நன்றாகச் சாயம் ஏற்கும். தோல் துணுக்குகளை நீக்கி, கவர்ஸ்லிப் எனும் மெல்லிய கண்ணாடியால் மூடி, கொதிக்கவிடாமல் இலேசாகச் சூடுகாட்டி, மையொற்றுத்தாளின் மேல் கட்டைவிரலால் அழுத்துங்கள். கவர்ஸ்லிப் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டு தகடு வீணாகும்.

இனி எண்ணுவதுதான் பொறுமையைக் கேட்கும் பகுதி. குன்றல் பிரிவில் இணைகள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் முதல் மெட்டாஃபேஸ் நிலையில் உள்ள செல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பில் 7 இணைகளும் நேப்பியரில் 14 இணைகளும் தெரியும்; ஒட்டுப்புல்லிலோ பெரும்பாலான செல்களில் 7 இணைகளோடு 7 தனிக் குரோமோசோம்கள் சிதறிக் கிடக்கும். நேப்பியரின் இரு குரோமோசோம் தொகுதிகளுள் ஒன்று கம்பின் தொகுதிக்கு நெருங்கிய உறவு என்பதும், மற்றொன்று வேறு வழியில் வந்தது என்பதும், அதாவது நேப்பியரே ஒரு பழங்கலப்பின் வழித்தோன்றல் என்பதும் இதனால் விளங்குகிறது. கம்பின் குரோமோசோம்கள் பருமனானவை என்பதால் இணைகளில் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருப்பதைக் கவனியுங்கள். என் பார்வையில் எண்ணிக்கையைவிட இதுவே வலுவான சான்று. ஒரே செல்லை நம்பாமல் 20 செல்களையாவது வரைந்து பாருங்கள்.

தனித்து நின்றவை ஒழுங்கின்றிப் பிரிவதால் மகரந்தம் பெரும்பாலும் வெறுமையாகிறது. விதை கட்டாத இப்புல்லைக் கரணை வைத்தே பெருக்குவது அதனால்தான். கால்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு குரோமோசோம்களை இரட்டித்து 42 ஆக்கினால் ஒவ்வொன்றுக்கும் துணை கிடைத்து விதை கட்டும் வளம் திரும்பும்.

வைகைக் கரையில் வளரும் கரும்பின் உறவான நாணலை இப்போதைக்குத் தொட வேண்டாம். அந்த இனத்தில் எண்ணிக்கை 40 முதல் 128 வரை வேறுபடும் என்பதால், 21ஐத் தடுமாறாமல் எண்ணப் பழகிய பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம்.