நாய்க்குட்டியின் செல்லக் கடிக்கு அளவு பழக்குவது எப்படி?

எட்டு வார லேப்ரடார் குட்டி வீட்டுக்கு வந்த மறுநாளே கையெல்லாம் கீறலாகிவிடும். பால் பற்கள் 28. ஒவ்வொன்றும் முள் மாதிரி. வாய் வைக்கவே கூடாது என்று முதல் நாளே அடக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கவ்விப் பழகாத நாய்க்குத் தன் தாடையின் பலம் தெரியாது. என்றாவது யாராவது தெரியாமல் வாலை மிதித்தால் முழு பலத்தோடு கடித்துவிடும். முதலில் கடியின் அழுத்தம் குறையட்டும், பிறகு எண்ணிக்கை. நாலரை மாதத்துக்குள் இதை முடித்துவிடுவது நல்லது.

தரையில் உட்கார்ந்து குட்டியை உருட்டிப் புரட்டி விளையாடுங்கள். மெல்லக் கவ்வினால் விட்டுவிடுங்கள். நறுக்கென்று அழுத்தினால் "ஆ!" என்று ஒரே சத்தம், கையை அப்படியே தளரவிடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஓடுகிற இரையைக் கண்டதுபோல் எட்டிப் பிடிக்கும். தோல் கிழிவது பெரும்பாலும் அப்படித்தான். வாய் விலகியதும் எழுந்து, 20 விநாடி முதுகைக் காட்டி நில்லுங்கள். பேசாதீர்கள், பார்க்காதீர்கள். பிறகு ஆட்டம் தொடரலாம். அடுத்தடுத்து மூன்று முறை இப்படி ஆனால் அப்போதைக்கு விளையாட்டு முடிந்தது. சில குட்டிகளுக்கு அந்த "ஆ" சத்தமே வெறியேற்றும். அவற்றிடம் பேசாமல் எழுந்துவிடுங்கள்.

வாரத்துக்கு வாரம் கண்டிப்பைக் கூட்டுங்கள். போன வாரம் பொறுத்துக்கொண்ட அழுத்தத்துக்கு இந்த வாரம் ஆட்டம் நிற்க வேண்டும். கடைசியில் பல் தோலில் பட்டாலே நிற்க வேண்டும்.

முரட்டு ஆட்டத்துக்குக் கயிறுதான் சரி. இரண்டடி நீளம் இருந்தால் வாய்க்கும் கைக்கும் இடைவெளி கிடைக்கும். "எடு" என்று நீட்டி, 15 விநாடி பக்கவாட்டில் இழுங்கள்; மேலே தூக்கினால் கழுத்துக்குக் கெடுதல். பிறகு கயிற்றை முழங்காலோடு ஒட்டி அசைக்காமல் பிடித்து "விடு" என்று சொல்லி, பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டை மூக்கருகே காட்டுங்கள். விட்டதும் துண்டைக் கொடுத்து, உடனே மறுபடி "எடு". விட்டால் ஆட்டம் போய்விடாது என்று தெரிந்த நாய்தான் மனதார விடும். நாலாம் மாதம் பால் பற்கள் விழத் தொடங்கும்போது கயிற்றில் லேசாக ரத்தம் தெரியலாம். பயப்பட ஒன்றுமில்லை, மெதுவாக இழுங்கள்.

இழுக்கும்போது உறுமுவது விளையாட்டுதான். உடம்பு விறைத்து, அசைவு நின்று, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தால் அது விளையாட்டில்லை, நிறுத்திவிடுங்கள். சாயங்காலம் தலைகால் புரியாமல் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. ஒரு நாளில் 18 மணி நேரமாவது அது தூங்க வேண்டும்.

மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது இரண்டும் வேண்டாம். கையைக் கண்டாலே பயந்து, நிஜமாகவே கடிக்கத் தொடங்கும்.

விளையாட்டில் பல் பட்டுத் தோல் கிழிந்தால், வீட்டுக் குட்டிதானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிக்கு முதல் ரேபிஸ் ஊசி போடுவதே வழக்கமாக மூன்று மாதத்தில்தான்.