சாக்லேட்டில் பழம் முக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஸ்ட்ராபெர்ரியைக் கழுவி, சாக்லேட்டை உருக்கி, முக்கி எடுத்து வைத்தால் முடிந்தது என்றுதான் வீடியோக்களில் காட்டுகிறார்கள். வீட்டில் செய்து பார்த்தால் சாக்லேட் களி மாதிரி இறுகிப் போகிறது. இல்லையென்றால் பழத்தில் ஒட்டாமல் வழுக்குகிறது. அன்றைக்கு அழகாக வந்தாலும், மறுநாள் காலையில் பார்த்தால் வேர்த்துக் கொட்டி, அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. உடனே "மட்டமான சாக்லேட் போல" என்று பழியைத் தூக்கிச் சாக்லேட் மேல் போட்டுவிடுகிறோம். நான் செய்து கெடுத்தவற்றையும் தோழிகள் போன் செய்து கேட்டவற்றையும் வைத்துச் சொல்கிறேன்: முக்கால்வாசி நேரம் சாக்லேட் மேல் குற்றமே இல்லை. தண்ணீர்தான் காரணம். பழத்தின் மேல் இருக்கும் தண்ணீர், கரண்டியில் ஒட்டிய தண்ணீர், ஆவியாக ஏறும் தண்ணீர், நம் ஊர்க் காற்றிலேயே நிற்கும் தண்ணீர்.

ஒரு சொட்டு ஈரம் செய்யும் வேலை

உருகிய சாக்லேட் பார்க்கத் திரவமாக இருந்தாலும் அதில் தண்ணீர் கிட்டத்தட்டக் கிடையாது. கோகோத் தூளும் நைசான சர்க்கரையும் கோகோ பட்டர் என்ற கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். சர்க்கரை டப்பாவுக்குள் ஈரக் கரண்டியைப் போட்டால் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும் இல்லையா? அதேதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் சொரசொரப்பான உருண்டையாகிவிடும்.

ஒருமுறை 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பக்குவமாக உருக்கி இறக்கி வைத்திருந்தேன். காலிங் பெல் அடித்தது. தூசி விழக் கூடாதே என்று ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டுப் போனேன். இரண்டு நிமிடம்தான். திரும்பி வந்து தட்டை எடுத்தால் அதன் அடிப்பக்கம் முழுக்க வியர்வைத் துளிகள். இரண்டு மூன்று உள்ளே சொட்டியிருந்தன. கிண்டக் கிண்ட, எள்ளுருண்டைக்கு இடித்த மாவு மாதிரி ஆகிவிட்டது. சூடான சாக்லேட்டை ஒருபோதும் மூடாதீர்கள். கிண்ணம், கரண்டி, கை, எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். மரக் கரண்டி வேண்டாம். கழுவிய ஈரத்தை அது உள்ளுக்குள் வைத்திருக்கும்.

பழம் துடைப்பதில்தான் அவசரப்படுகிறோம். கழுவிய பழத்தை ஒரு துணியில் கொட்டி இரண்டு உருட்டு உருட்டினால் போதாது. காம்பையும் இலையையும் கிள்ளாமல் கழுவ வேண்டும். கிள்ளினால் அந்தக் குழிக்குள் தண்ணீர் இறங்கும், பிறகு சாறு வெளியே வரும். பழைய பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, விரலால் அந்தப் பச்சை இலைகளை மேலே தூக்கிப் பாருங்கள். இலை பழத்தோடு சேரும் இடத்தில் வளையம் மாதிரி ஈரம் ஒளிந்திருக்கும். முக்கும்போது பழத்தைச் சாய்த்தால் சாக்லேட்டில் சொட்டுவது அந்த ஈரம்தான். அங்கேயும் ஒற்றி எடுத்துவிட்டு, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் பரப்பி வையுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு முக்குவது இன்னொரு பெரிய தவறு. நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த பழம் வெளியே வந்த ஐந்தாவது நிமிடமே வேர்க்கும். அதன் மேல் பட்ட சாக்லேட் சட்டென்று தடிமனாக இறுகும், ஆனால் பழத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் ஈரப்படலம் நிற்பதால் கடித்ததும் ஓடு தனியாகக் கழன்று விழும். முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்து, வேர்த்து முடிந்த பிறகு துடையுங்கள்.

எந்தப் பழம்?

ஊட்டி, கொடைக்கானல், மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி குளிர்காலத்தில் நன்றாகக் கிடைக்கும். வாங்கும்போது பெட்டியைத் திருப்பி அடியைப் பாருங்கள். அடியில் நசுங்கியோ கசிந்தோ இருந்தால் ஜூஸுக்கு வைத்துக்கொள்ளலாம், முக்குவதற்கு ஆகாது. கொஞ்சம் கெட்டியான பழம்தான் இதற்குச் சரி.

அன்னாசி, தர்பூசணி, பப்பாளி மூன்றையும் நறுக்கி முக்கிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். வெட்டிய பக்கமெல்லாம் சாறு விட்டுக்கொண்டே இருக்கும், எவ்வளவு துடைத்தாலும் நிற்காது. தர்பூசணியை மறந்துவிடுங்கள். அன்னாசி வேண்டுமென்றால் சர்க்கரையில் ஊறி உலர்ந்த துண்டுகளாக வாங்குங்கள். கமலா ஆரஞ்சுச் சுளை இதற்கு நேரெதிர். தோல் கிழியாமல் பிரித்து, வெள்ளை நாரை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் மேல்தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும். டார்க் சாக்லேட்டோடு அந்தப் புளிப்பு சேரும்போது வரும் ருசிக்கு ஸ்ட்ராபெர்ரிகூடக் கிட்டே வராது என்பது என் கட்சி.

முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது உலர்பழம். பேரீச்சை, உலர்ந்த அத்தி, ஆப்ரிகாட். தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை, வாரக்கணக்கில் கெடாது. பேரீச்சையின் கொட்டையை எடுத்துவிட்டு ஒரு வறுத்த பாதாமை உள்ளே வைத்து முக்குங்கள்.

குளிர்ந்த பழம் கூடாது என்ற விதிக்கு வாழைப்பழம் மட்டும் விலக்கு. ஏலக்கிப் பழத்தை உரித்துக் குச்சி செருகி, ஃபிரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, கல்லாக இறுகிய பிறகு முக்கினால் சாக்லேட் நொடியில் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதை ஐஸ் மாதிரி உடனே சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப ஃபிரீசரில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் குழகுழவென்று ஆகிவிடும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கடையில் "டார்க்" என்று பெரிதாகப் போட்ட பாளம் இரண்டு வகை. பொருள் பட்டியலில் கோகோ பட்டர் இருந்தால் அது அசல் சாக்லேட். அதற்குப் பதில் பாமாயில் வகைக் கொழுப்போ ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்டோ இருந்தால் அது காம்பவுண்ட். காம்பவுண்ட் மட்டம் என்று ஒதுக்க மாட்டேன். உருக்கி முக்கினால் தானாக இறுகும், நம் வெயிலையும் ஓரளவு தாங்கும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நாற்பது ஐம்பது செய்ய வேண்டுமென்றால் அதுதான் வசதி. ருசி மட்டும் குறைவு. அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் ருசியும் வரும், சுலபமாக இறுகவும் செய்யும் என்று நினைத்துப் பலர் கலக்கிறார்கள். அந்த இரண்டு கொழுப்பும் ஒத்துப்போகாது. கலவை பிசுபிசுவென்றே இருந்து, சில நாளில் சாம்பல் பூக்கும்.

கெட்டியாக இருக்கிறதே என்று பாலோ வெண்ணெயோ சேர்ப்பதும் தப்பு. வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டால் இளகும். அதற்கு மேல் வேண்டாம், ஏனென்றால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். கூடுதலாக விட்டால் சாக்லேட் கையில் ஒட்டிக்கொண்டே வரும். வெள்ளைச் சாக்லேட்டுக்கு நிறம் சேர்ப்பதானால் எண்ணெயில் கரையும் நிறம்தான் வேண்டும். கேசரிக்குப் போடும் கலரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அப்படியே கட்டிதட்டும்.

சூடும் பதமும்

அடுப்பில் நேராக வைத்து உருக்காதீர்கள், அடிப்பிடித்துவிடும். கீழே பாத்திரத்தில் இரண்டு விரல் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு, அதன் மேல் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. கீழே உள்ள பாத்திரத்தைவிடக் கிண்ணம் அகலமாக இருந்தால் ஆவி உள்ளே வராது. மைக்ரோவேவ் என்றால் பாதி பவரில் 20, 30 வினாடி வைத்து வைத்து எடுத்துக் கிண்டுங்கள். உருகிய பிறகும் சாக்லேட் துண்டு வடிவம் மாறாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். இன்னும் உருகவில்லையே என்று மறுபடி ஒரு நிமிடம் வைத்துத்தான் கருக்கிவிடுகிறோம்.

அசல் சாக்லேட்டுக்கு டெம்பரிங் என்று ஒன்று இருக்கிறது, அதாவது உருக்கிய சாக்லேட்டைப் பளபளப்பாக இறுகும் பதத்துக்குச் சூடு இறக்கிக் கொண்டுவருவது. பெயரைக் கேட்டே பயப்படுகிறார்கள். அதிரசப் பாகுக்கும் கடலை உருண்டைப் பாகுக்கும் பதம் பார்க்கிற கைக்கு இது வெகு தூரமில்லை. கோகோ பட்டர் ஆறு விதமான படிகங்களாக இறுகக்கூடியது. அதில் ஒன்றுதான் பளபளப்பாகவும், உடைத்தால் 'டக்' என்று சத்தம் வருமாறும் இருக்கும். சும்மா உருக்கி ஆறவிட்டால் பல விதப் படிகங்கள் கலந்துகட்டி இறுகி, மேலே வெள்ளைத் திட்டுத் திட்டாகப் பூத்துவிடும். அது பூஞ்சை இல்லை, சாப்பிடலாம். ஆனால் விருந்தாளி முன்னால் வைக்க மனசு வராது.

வழி இதுதான். மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரி வரை உருக்குங்கள். மீதி ஒரு பங்கைப் பொடியாக நறுக்கி அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டுங்கள். நல்ல படிகம் அந்தத் துண்டுகளில் ஏற்கெனவே இருக்கிறது. பாலுக்கு உறை மோர் மாதிரி மொத்தத்தையும் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். டார்க் என்றால் 31, 32 டிகிரிக்கும், மில்க் என்றால் 29, 30க்கும், வெள்ளை என்றால் 28, 29க்கும் இறங்கியதும் முக்க ஆரம்பிக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் உதட்டுக்குக் கீழே ஒரு துளி வைத்துப் பாருங்கள், இளஞ்சூடாகக்கூட இல்லாமல் லேசாகக் குளிர்ச்சி தெரிய வேண்டும். பிறகு கத்தி நுனியை முக்கி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்போடு காய்ந்தால் பதம் சரி.

அறையின் சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல படிகமே 34 டிகிரி பக்கத்தில் உருகிவிடும். மே மாத மதியம், அடுப்பு எரிந்துகொண்டிருக்கிற சமையலறையில் சாக்லேட் எப்படி இறுகும்? ஏசி அறையில் 22, 23 வைத்துச் செய்யுங்கள். ஏசி இல்லாத வீட்டில் மார்கழி, தை மாத விடியற்காலை நல்ல நேரம். முக்கியதும் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம்.

முக்குவதும் வைப்பதும்

அகலமான கிண்ணத்தில் சாக்லேட் படர்ந்து ஆழம் இருக்காது. டம்ளருக்கு மாற்றிக்கொண்டால் 150 கிராமிலேயே பழம் முக்கால்வாசி முங்கும். இலையைச் சேர்த்துப் பிடித்து முக்கி, தூக்கி, லேசாகச் சுழற்றி வடியவிட்டு, அடிநுனியை டம்ளர் விளிம்பில் ஒரு தடவை இழுத்துவிடுங்கள். இந்த இழுப்பை விட்டுவிட்டால் பட்டர் பேப்பரில் வைத்ததும் அடியில் பாவாடை மாதிரி படர்ந்துவிடும்.

ஸ்ட்ராபெர்ரி அன்றைக்கே தின்ன வேண்டிய பண்டம். சாக்லேட் ஓட்டுக்குள் பழம் சாறு விட்டுக்கொண்டேதான் இருக்கும். மறுநாள் வரை வைத்தே ஆக வேண்டுமென்றால் டிஷ்யூ பேப்பர் விரித்த பெட்டியில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மூடியை இறுக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். இறுக்கி மூடினால் உள்ளேயே வேர்க்கும். வெளியே எடுத்ததும் பரிமாறிவிடுங்கள்.

டம்ளரின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். காய்ந்த உலர்பழத்தை மட்டும் முக்கியிருந்தால் அதில் தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலையைக் கொட்டிப் புரட்டி, ஸ்பூனால் சின்னச் சின்னதாகப் பேப்பரில் வைத்துவிடலாம். ஈரம் பட்டுக் கட்டிதட்டிப் போனதையும் குப்பையில் போட வேண்டாம். சொட்டுத் தண்ணீர்தான் கெடுக்கும். தாராளமாக ஊற்றினால் சர்க்கரை கரைந்து மறுபடி வழவழப்பாகிவிடும். அன்றைக்கு மூடி வைத்துக் கெட்ட 200 கிராமை நான் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரைத்தேன். இனி பழத்தின் மேல் இறுகாது, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அன்று ராத்திரி சாக்லேட் பால்.