எந்தக் கருவிக்கு எந்தப் பதம்? காபிக்கொட்டை அரைக்கப் பழகுவோம்

நல்ல கொட்டையாகப் பார்த்து வாங்கியும் காபி புளிக்கிறதா? இல்லை, கசந்து வழிகிறதா? கொட்டையைக் குறை சொல்லும் முன் அரைத்த பதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான்.

நைசாக அரைத்தால் தண்ணீர் படும் பரப்பு கூடும், சாரம் சட்டென்று இறங்கும். கொரகொரப்பாக இருந்தால் மெல்ல இறங்கும். ஆகவே தூளும் தண்ணீரும் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கின்றன என்பதை வைத்தே பதத்தை முடிவு செய்ய வேண்டும்.

1. கருவி எடுக்கும் நேரத்தைப் பாருங்கள்

கோல்ட் ப்ரூ 12 மணி நேரத்துக்கு மேல் ஊறும், அதுவும் குளிர்ந்த தண்ணீரில். கல் உப்பு மாதிரி பெரிதாக உடைத்தால் போதும். தூளை ஊறவைத்து, மேலிருந்து வலையை அழுத்தி வடிக்கும் ஃபிரெஞ்ச் பிரஸ் சுமார் 4 நிமிடம்தான். ஆனாலும் அதற்கும் கொரகொரப்பே நல்லது. அதன் உலோக வலை நைசான தூளை நிறுத்தாது, கோப்பையின் அடியில் சேறுபோல் வண்டல் தங்கிவிடும்.

காகித ஃபில்டரில் ஊற்றி வடிக்கும் போர்-ஓவருக்கு நடுத்தரப் பதம். குழல் போன்ற, கையால் அழுத்தி வடிக்கும் ஏரோபிரஸில் ஒன்றிரண்டு நிமிடத்தில் அழுத்திவிடுவதாக இருந்தால் அதைவிடச் சற்று நைசாக அரைக்கலாம். அடுப்பில் வைத்து, நீராவி அழுத்தத்தில் காபி மேலேறும் மோகா பாட்டுக்கு இன்னும் நைசாக வேண்டும், ஆனால் எஸ்பிரெஸோ அளவுக்குப் போக வேண்டாம். தூளை அழுத்தாமல் நிரவினால் போதும்.

எஸ்பிரெஸோ சுமார் 25 முதல் 30 நொடிக்குள் இறங்கிவிடும். வழக்கமாக 9 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்த வேண்டியதே தூள்தான் என்பதால் நன்றாக நைசாக அரைக்க வேண்டும். துருக்கி காபியில் வடிகட்டுவதே இல்லை. அதற்கு மாவுபோல், எல்லாவற்றிலும் நைசாக.

2. கிரைண்டரைக் கவனியுங்கள்

பிளேடு சுழலும் கிரைண்டர் கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. ஒரே கைப்பிடித் தூளில் மாவும் இருக்கும், பாதி உடைந்த கொட்டையும் இருக்கும். மாவு கசப்பைத் தரும், பெரிய துண்டு புளிப்பைத் தரும். இரண்டும் ஒரே கோப்பையில் வந்தால் எதைச் சரிசெய்வது? செலவழிக்க முடியுமானால் முதலில் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கி அரைக்கும் பர் கிரைண்டர் வாங்குங்கள், கையால் சுற்றுவதாக இருந்தாலும் சரி. பிளேடுதான் கையில் இருக்கிறதென்றால் விட்டுவிட்டு ஓட்டி, நடுநடுவே குலுக்குங்கள்.

3. போட்டுக் குடித்துப் பாருங்கள்

போர்-ஓவரையே எடுத்துக்கொள்வோம். 15 கிராம் தூள், 250 மில்லி தண்ணீர், கொதி அடங்கி 92 முதல் 96 டிகிரிக்குள். முதலில் தூள் நனையும் அளவுக்கு ஊற்றி அரை நிமிடம் விடுங்கள். பிறகு மீதியைச் சுற்றிச் சுற்றி ஊற்றுங்கள். மொத்தமும் வடிய இரண்டரை முதல் மூன்றரை நிமிடம் ஆனால் பதம் ஏறக்குறைய சரி.

ஒன்றரை நிமிடத்திலேயே வடிந்து, குடித்தால் சப்பென்று புளிக்கிறதா? சாரம் போதுமான அளவு இறங்கவில்லை. இன்னும் நைசாக அரையுங்கள். ஐந்து நிமிடமாகியும் மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறதா, குடித்தபின் நாக்கு வறண்டு கசக்கிறதா? ஒரு படி கொரகொரப்பாக்குங்கள்.

ஒரு நேரத்தில் பதத்தை மட்டும் மாற்றுங்கள். தூளின் அளவையும் தண்ணீரின் சூட்டையும் கூடவே மாற்றினால் எதனால் ருசி மாறியது என்றே தெரியாது.

புதிதாகப் பழகுபவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது: சுவை சரியாக இருக்கிறது, ஆனால் தண்ணியாக இருக்கிறது. அப்போது பதத்தைத் தொடாதீர்கள், தூளைக் கூட்டுங்கள். அதேபோல், லேசாக வறுத்த கொட்டையில் இயல்பாகவே ஒரு பழப் புளிப்பு உண்டு. இனிப்போடு சேர்ந்து வந்தால் அது குறையல்ல, அதுதான் அதன் அழகு.

4. கொட்டை மாறினால் மறுபடி பாருங்கள்

கருக வறுத்த கொட்டை எளிதில் நொறுங்கும், சாரமும் வேகமாக இறங்கும். அதற்கு ஒரு படி கொரகொரப்பாகத் தொடங்குங்கள். கிரைண்டரில் அளவை மாற்றியதும் உள்ளே பழைய பதத்துத் தூள் கொஞ்சம் தங்கியிருக்கும். ஐந்தாறு கொட்டைகளைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டு, அதன்பின் உங்கள் காபிக்கு அரையுங்கள்.